ஆசிரியர் பெயர் என்ற இடத்தில்

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, “டைப்பிஸ்ட் ஆரோக்கியம் பூட்டாரு” என்றார் எங்கள் ஆலை வாட்ச்மேன். “இன்னிக்கு சம்பள நாளு. அந்த ஆளாவது, போவறதாவது” என்று வழக்கம்போல் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அது சாவுச் சேதி என்று அப்புறம்தான் புரிந்தது.

அண்ணனுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் ஆலை நண்பர்களே, அவர் டைப் அடிக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். “அண்ணே, அந்த மிஷினு இன்னா பாவம் பண்ணிச்சு?” என்பேன். “நீ பாடறதக் கேட்டுச்சே, அந்தப் பாவந்தான்” என்பார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வரத் தொடங்கிய காலத்தில், மூட்டை தூக்கிக்கொண்டே அம்மன் பாட்டுகள் கட்டுவேன். சின்னப் புத்தகமாக அச்சடித்து, ஆடி மாதம் பெரியபாளையத்தில் பாடி விற்பேன். ஒரு வருஷம், வேறொருவர் என் பாட்டுகளையே தம் பெயர் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, கூட்டத்தின் நடுவே என்னைத் திருடன் என்றார். சனமும் நம்பியது. அன்றோடு பாடுவதை விட்டேன்.

அண்ணன் விடவில்லை. “பதியலன்னாலும் பாட்டு உன்னுதுதான்யா. ஆனா மூஞ்சிக்கு நேரா காட்ட ஒரு சாட்சி வோணும்” என்று டெல்லிக்கு எழுதி, காப்புரிமைப் பதிவு விண்ணப்பத்தை வரவழைத்தார். சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்தார்.

“ஆசிரியர் பேரு?”

“அம்மன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாமிப் பாட்டை ‘நான் கட்டினேன்’ என்று எங்களில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை; அவள் பாட வைத்தாள் என்போம். என் புத்தகத்தில்கூட என் பெயர் கிடையாது.

“டெல்லிலேந்து தபால் வந்தா அம்மாவா கையெழுத்து போடுவா?”

“அண்ணே, நீங்க மாதாகோயில் ஆளு. உங்களுக்குப் புரியாது.”

“ஏன்யா புரியாது? எனக்குத் தொண்டை குடுத்தது கர்த்தரு. அதுக்கோசரம், இருமல் வந்தா அவரையா டாக்டராண்ட இட்டுக்கினு போறேன்? அவ குடுத்தா, சரி. ராவும் பகலும் முனகிக்கினு கட்டினது யாரு?”

“நான்தான்” என்றேன், பயந்து பயந்து.

“சத்தமா சொல்லு. மிஷினுக்குக் காது கேக்கல.”

பல மாதம் கழித்து, என் பெயரில் பதிவுச் சான்று வந்தது. அடுத்த ஆடியில் அதைப் பார்த்ததும், அந்த மனிதர் புத்தகக் கட்டைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார். அண்ணன், சிலுவைச் சங்கிலி சட்டைக்கு வெளியே ஆட, என் பக்கத்தில் நின்று அம்மன் பாட்டு விற்றார்!

தலை நிமிர்ந்து பாடும் தைரியம், அது அவர் கொடுத்தது. அதுதான் என்னிடம் இருக்கிறது. நேற்று கல்லறையில், அவருக்காகக் கட்டிய ஒரு பாட்டைப் பாடினேன். அவர் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யார் கட்னது மாமா?” என்றாள்.

“நான்” என்றேன்.