வாயில்லாத மேளம்

நாப்தலின் உருண்டை வாசம் எங்கே வந்தாலும் எனக்கு அந்த வருடத்துத் துர்கா பூஜைதான் நினைவுக்கு வரும். எங்கள் பேட்டையான பெஹாலாவே புதுத்துணி வாசத்தில் திரிந்தபோது நாங்கள் மட்டும் பெட்டியிலிருந்த கம்பளிகளை ஜன்னல்களில் தொங்கவிட்டு, இடுக்குகளில் பழந்துணி திணித்து, ஒரு பொட்டுச் சத்தமும் உள்ளே வராதபடி அடைத்துப் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தோம்.

எல்லாம் கோமதி அத்தைக்காக. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். யாரும் பேசாதபோதும் அவள் காதில் ஆட்கள் பேசினார்கள். மாத்திரைக்குப் பாதிப் பேர் அடங்கினார்கள், பாதிப் பேர் அடங்கவில்லை. முந்தைய பூஜையில், பந்தல் ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டெல்லாம் தன்னைத்தான் ஏசுகிறது என்று நம்பி, தெருவில் நின்று அழுதாள். "இந்த வருசமும் அப்படி ஆச்சுன்னா ஊர்ல ஏதாவது ஆசுபத்திரியில கொண்டு விட்டுர வேண்டியதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பத்து வயது. சீட்டாட்டத்தில் என்னோடு வெட்கமில்லாமல் கள்ளாட்டம் ஆட அத்தையை விட்டால் வேறு ஆள் இல்லை. அவளை அனுப்ப எனக்கு மனசே இல்லை.

அஷ்டமியன்று காலை மின்சாரம் போய்ப் பந்தல் பாட்டு நின்றது. நின்ற கையோடு, தோளில் மாட்டிக் குச்சிகளால் அடிக்கிற ‘டாக்’ என்னும் பெரிய மேளம், கம்பளியையும் பழந்துணியையும் துளைத்துக்கொண்டு வந்தது. அம்மா பயந்துபோய் அத்தையின் காதைப் பொத்தினாள். அத்தை அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"விடுங்க மதினி. இதுக்கு வாயில்ல. என்னைய ஒண்ணும் சொல்லாது."

செருப்புகூடப் போடாமல் இறங்கிவிட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம். பந்தலில், நாங்கள் சித்தி முறையில் ‘காகிமா’ என்றழைத்த எதிர்வீட்டு வங்காளி அம்மாள் ஒன்றும் கேட்காமல், "போஷோ, போஷோ" என்று நாற்காலியை இழுத்துப் போட, அத்தை மேளக்காரருக்கு நேரெதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டாள்.

"அவங்க பேசுறாங்களா அத்தை?" என்று காதோடு கேட்டேன்.

"பேசுதானுவ. இந்த முழக்கத்துல அது எங்க கேக்கு? கத்திக் கத்தித் தொண்டை கட்டட்டும்!"

வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்தைக்குப் போயிருந்த அப்பா, திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் காய்கறிப் பையோடு ஓடிவந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை கையைப் பிடித்து நடுவே இழுத்துவிட்டாள். பையை எங்கே வைப்பதென்று தெரியாமல், புடலங்காய் எட்டிப் பார்க்க, அப்பா ஆடிய ஆட்டத்தைப் பெஹாலா அதற்கு முன் கண்டதில்லை. ஆசுபத்திரிப் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

சத்தம்தான் பகை என்று வீட்டை மூடிவைத்த எங்களுக்கு, அவளைக் குத்தியது சொல்தான் என்று அதுவரை தோன்றவேயில்லை. அதன்பிறகு அப்பா வீணை, நாதஸ்வரம் என்று வாயில்லாத கேசட்டுகளாகத் தேடி வாங்கினார். "மாத்திரையும் இருக்கட்டும், மேளமும் இருக்கட்டும்" என்பார், டாக்டரும் சரியென்றார்.

இன்று அப்பா இல்லை, கேசட்டுகளும் இல்லை, அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அத்தை அதே நகரின் லேக் கார்டன்ஸ் பகுதியில் என்னோடு இருக்கிறாள். மாத்திரை தொடர்கிறது, குரல்கள் எப்போதாவது வந்து போகின்றன. போன வாரம் அவள் கைப்பேசியில் ஒரு காதல் பாட்டு, சொல்லும் சுருதியுமாக ஓடிக்கொண்டிருந்தது. கைவேலையைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

"அத்தை, இந்தப் பாட்டு உங்களை ஏதும் சொல்லுதா?"

"என்னைய எதுக்குட்டி சொல்லணும்? எவனோ எவளுக்கோ பாடுதான். பேசாம கேளு."