சகோதரர் தேவராஜனுக்காக ஒரு ஜெபச்சீட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் கிரேஸ் அக்காவுக்குப் பேக்கிங் வேலை. வயது நாற்பத்தெட்டு. மூடியில் முடி அளவு விரிசல் இருந்தாலும் பிடித்துவிடுவார், அப்பேர்ப்பட்ட கண். அந்தக் கண் பதினோரு வருஷமாக, இரவு ஒன்பதரை ஆனால் டிவியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அந்நேரம் ‘மூன்றாம் ரேகை’ ஓடும். இன்ஸ்பெக்டர் தேவராஜன் கொலைகாரர்களைத் தேடித் தேடிப் பிடிப்பார். அக்காவின் கணவர் இறந்த வருஷம் தொடங்கிய தொடர் அது. “அந்த மனுசன் கொரலு கேக்கலைன்னா ஊடு ஊடாவே இருக்காது” என்று வெட்கப்படாமல் சொல்வார்.

போன வெள்ளிக்கிழமை தேவராஜன் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. ஐசியூவில் கிடக்கிறார். சுட்டவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான், முகம் தெரியப் போகிறது, அப்போது பார்த்துத் திரையில் ஒரு வரி: ‘இத்தொடர் இத்துடன் நிறைவடைகிறது.’ ஆதரவுக்கு நன்றியாம்! நன்றியை யார் கேட்டார்கள்?

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஒருத்தரும் தூங்கவில்லை. டிரைவர்கூடக் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்து, “அதெப்படிக்கா பாதியில வுட்டுட்டுப் போவானுங்க?” என்று கேட்டார். அக்காவின் பக்கத்து சீட்டு மணியம்மாள் ஒருபடி மேலே போனார். அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினார். உடம்பு சரியில்லாதவர்களுக்காக வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள் அல்லவா, தேவராஜனுக்காக முழுசாக ஒரு கிலோ கரைத்தார். குளத்துப் படியில் நின்றபடியே போன் போட்டார்.

“பெருமாள்கிட்ட சொல்லிக்கினேன். நீ உங்க சாமிகிட்ட சொல்லு கிரேஸு. ரெண்டு பக்கமும் அழுத்துனாத்தான் வேலை நடக்கும்.”

அக்காவுக்கு அது நியாயமாகவே பட்டது.

அக்காவும் நானும் போகும் சபையில் ஒரு ஜெபப்பெட்டி உண்டு. யாருக்கு என்ன கஷ்டமோ சீட்டில் எழுதிப் போட்டால், ஞாயிறு ஆராதனையில் கிரேஸ் அக்கா எடுத்து வாசிப்பார். மூணு வருஷமாக அவர்தான். கூட்டிச் சொல்லமாட்டார், வெளியே போய்ப் பேசமாட்டார் என்று சபைச் செயலர் எட்வர்ட் ஐயா பார்த்துக் கொடுத்த பொறுப்பு. அக்காவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி அதுதான், அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த ஞாயிறு அக்கா தானே எழுதிப் போட்டதைத் தானே எடுத்து வாசித்தார்: “சகோதரர் தேவராஜன். போலீஸ் வேலை. நெஞ்சில் குண்டு பாய்ந்து ஐசியூவில் இருக்கிறார். சுட்டவன் இன்னும் பிடிபடவில்லை.”

பாஸ்டர் ஜோஷ்வா ஊருக்கு வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது, வீட்டில் டிவியும் கிடையாது. சட்டென்று முழங்கால் போட்டுவிட்டார். பத்து நிமிஷம் உருக்கமான ஜெபம். பெண்கள் பக்கம் ஒரே அழுகை. தேவராஜன் யாரென்று எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் “ஆண்டவரே!” என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினேன்.

எழுந்ததும் பாஸ்டர் கேட்டார்: “எந்த ஆஸ்பத்திரி, சிஸ்டர்? ஆராதனை முடிஞ்சதும் வேன்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

“நான் ஓ பாசிட்டிவ், பாஸ்டர்! ரத்தம் வேணும்னா இப்பவே வரேன்” என்று ஷிப்யார்டு வெல்டர் ராபின் எழுந்து நின்றான்.

அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் கையில் இருந்தது ஜெபப்பெட்டி.

“பாஸ்டர்... அவரு சீரியல்ல இருக்காரு.”

முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் சபையே சிரிப்பில் வெடித்தது. ராபின் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான். விளங்காமல் விழித்த பாஸ்டருக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் விளக்கினார்கள், விளக்க விளக்க அவர் காது சிவந்தது. எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்வர்ட் ஐயாவிடம் போய் நீட்டினார்.

“இனிமே வேற யாரனா படிக்கட்டும் ஐயா. பொய் சொல்லணும்னு சொல்லல. எழுதும்போது எனக்கு அது நெசமாவே...” அதற்கு மேல் அழுகைதான் வந்தது. எங்கள் சிரிப்பெல்லாம் அங்கேயே நின்றுபோனது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

எட்வர்ட் ஐயா எழுந்தார். சபையில் அறுப்பின் பண்டிகை நடந்தபோது சினிமா மெட்டு ஒலித்ததற்காக ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிய மனிதர். அக்காவின் கதை முடிந்தது என்றே நினைத்தோம்.

பாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: “ஐயா, இப்ப பண்ணின ஜெபத்தை என்ன செய்யறது? வாபஸ் வாங்கிக்கலாமா?”

“வாபஸா?” ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கதை எழுதுனவனே அந்த ஆளைச் சாவக் கெடக்கும்போது வுட்டுட்டுப் போய்ட்டான், பாஸ்டர். பதினோரு வருசம் தெனம் ராத்திரி நம்ம ஊட்டுக்கு வந்துபோன மனுசன். நாமளும் கைவுட்டுட்டா அவருக்கு யாரு இருக்கா?”

பாஸ்டர்தான் முதலில் “ஆமென்” என்றார். அப்புறம் நாங்கள் சொன்ன ஆமென் ஹைவே வரை கேட்டிருக்கும்.

பெட்டியை ஐயா வாங்கிக்கொள்ளவே இல்லை. “அடுத்த சீட்டை எடும்மா, கிரேஸ்” என்றபடி உட்கார்ந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டார்.