சித்தி அடைத்த வாசல்

சித்தி ஒரு தையற்கடையில் பட்டன்துளை போடுபவர். ஒரு துளைகூட இடம் மாறி நான் பார்த்ததில்லை. மாடியில் வைத்திருந்த ஐந்து தேன்பெட்டிகளில் நான்கை மெழுகுப்புழு தின்று தீர்த்த பிறகுதான் அவருக்குப் பயம் தொடங்கியது. அந்தப் புழு தேனடைகளைத் துளைத்து நூலாம்படைபோல் பின்னிவிடும். தேனீக்கள் கூட்டையே விட்டுப் போய்விடும்.

மிஞ்சிய ஒரு பெட்டியின் அடியிலும் ஒருநாள் மிளகுப்பொடிபோல் புழுவின் எச்சம் கிடந்தது. அன்று சித்திக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் குளிர் விலகுமுன் புழுவை விரட்ட ஓம எண்ணெய்க் குப்பியோடு மாடியேறினார்.

"ஏன்டி, புழுவுக்கு அஜீரணமா?" என்றார் சித்தப்பா.

புழு தின்றது போக மிஞ்சிய காலி அடைகளைப் பத்திரப்படுத்தும்போது, அட்டையில் எண்ணெயை ஊற்றி உள்ளே வைத்து, ஆவி வெளியேறாதபடி வாசலைத் துணியால் அடைப்பார். முந்தைய நாள்தான் நான்கு பெட்டிகளுக்கு அப்படிச் செய்திருந்தார். பழகிய கை தேனீக்கள் இருந்த ஐந்தாவதற்கும் அதையே செய்துவிட்டது. இரண்டு சொட்டு மட்டும் விட்டு வாசலைத் திறந்து வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

வெயில் ஏறியதும் துணி காயப்போடப் போன எனக்குப் பெட்டியின் இரைச்சல் கேட்டது. என் குரலுக்கு ஓடிவந்த சித்தி துணியைப் பிடுங்கினார். வெளியே பாய்ந்த தேனீக்கள் அவரைக் கொட்டின. பாதி செத்திருந்தன, மீதி சுவரில் கொத்தாகத் தொங்கி, அட்டையை எடுத்த பின் மாலையில் உள்ளே திரும்பின. ஆனால் ராணி? ராணி இல்லாத கூடு பிழைக்காது.

செத்தவற்றைத் தாளில் பரப்பி, பட்டன் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ராணி அதில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தவை எத்தனையோ.

"கொன்னுட்டேன்டி, என் கையாலயே."

உடனே திறந்தால் மொத்தமும் பறந்துவிடும் என்ற பயத்தில் நான்கு நாள் பெட்டியைத் தொடவில்லை. கடையில் மூன்று சட்டைகளுக்குத் துளையை இடம் மாற்றிப் போட்டார்.

ஐந்தாம் நாள் திறந்தோம். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். அதனால் இப்போது முட்டை கண்ணில் பட்டால் அது அந்த நாளுக்குப் பிறகு இட்டது, ராணி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அடையை என் கையில் கொடுத்துவிட்டு சித்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீயே பாரு. என்னால முடியாது."

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். முதல் அடை காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதன் நடுவில், அறைக்கு ஒன்றாக, நறுக்கிய வெள்ளை நூல்போல் நின்றன.

"முட்டை இருக்கு சித்தி."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்துச் சொன்னேன். அதன் பிறகும் அவர் ஒரு கண்ணை மட்டும்தான் திறந்தார்.