சந்தனம் பூசிய பிளேடுகள்

ஸ்கேட்டைத் துடைக்கட்டா என்று என் மகள் கேட்ட அன்று நான் ஓம் என்று சொல்லியிருந்தால், அவளும் அவளுடைய அப்பாவும் இன்று ஒழுங்காகப் பேசிக்கொண்டிருப்பார்களா? ஒரு வருடமாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

மகளுக்குப் பத்து வயது. சனிக்கிழமைகளில் ஐஸில் சறுக்கப் பழகுகிறாள். பிளேடுகளைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. அவள் ஐஸை விட்டு வந்ததும் துணியால் ஒற்றித் துடைப்பேன். திருகாணி மூலைகளையும் விடமாட்டேன். நடப்பதற்குப் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் நிற்கும் என்பதால், அதைக் கழற்றிவிட்டுத் துணி உறை போடுவேன். வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை பார்ப்பேன். இவ்வளவும் தெரிந்தவள்தான் நான்.

கணவர் அந்த ஐஸ் அரங்குக்குள் வந்ததே இல்லை. காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். "விழுறதுக்குக் காசு குடுத்துப் பழகிற சனம் நாங்கள்தான்" என்று வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மகளும் கூடச் சிரிப்பாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

போன வருடம் நவராத்திரியின் கடைசி மூன்று நாள் சரஸ்வதி பூசை தொடங்கிய அன்று அவர் சாமிப்படத்தின் முன் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தார். மகளின் கணக்குப் புத்தகம், என் மடிக்கணினி, அவருடைய கார்த் திறப்புக் கொத்து. திடீரென்று எழுந்து போய் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுவும் பிள்ளையின்ர ஆயுதம்தானே. இதையும் வைப்பம்."

"உண்மையாவோ அப்பா?"

"பின்ன? நீர் எப்பிடி விழுறீர் எண்டு அம்பாளும் பாக்கட்டும்."

மகள் அவருடைய முதுகில் தொங்கிக்கொண்டு சிரித்தாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. அவர் ஸ்கேட்டுகளை வாழையிலையில் கிடத்தி, தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைப் பிளேடுகளின் நீளத்துக்கும் பூசினார். குங்குமம் வைத்தார். அப்டன் பார்க் கடையில் வாங்கிய செவ்வந்திப் பூக்களால் மூடி, மேலே தண்ணீரும் தெளித்தார். நான் துடைக்கிற துணியை எடுக்கப் போனேன். ஆனால் அவர் அந்த ஸ்கேட்டுகளை ஆசையோடு தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில், ஈரம் நின்றால் இரும்பில் கறள் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் மகள் குசினிக்குள் வந்து மெதுவாகக் கேட்டாள். "அம்மா, பிளேட் ஈரமாக் கிடக்கு. துடைச்சுப்போட்டு வைக்கட்டா?"

"பொறு பிள்ளை. சாமிக்கு வைச்சதை விஜயதசமி வரைக்கும் எடுக்கக் கூடாது. அப்பா ஆசையா வைச்சவரெல்லே."

அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. கேட்டாள்.

விஜயதசமி காலை, பூவை அகற்றியபோது பிளேடுகளில் சிவப்பாக ஒட்டியிருந்தது. குங்குமம் என்று நினைத்து அவர் துணியால் தேய்த்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார்.

"ரஸ்ட், அப்பா" என்றாள் மகள்.

பக்கங்களில் படர்ந்திருந்த கறளை ஒரு சின்ன மெல்லிய கல்லால் தேய்த்தே போக்கிவிட்டேன். விளிம்பில்தான் வினை. விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தபோது சில இடங்களில் தட்டுப்பட்டது. கறள் தின்ற குழிகள். என் கை கோணினால் விளிம்பு இன்னும் கெடும் என்று நிறுத்திக்கொண்டேன். தீட்டும் கடையில், குழி முழுவதும் போகும்வரை அரைத்தால் பிளேடு அளவுக்கு மீறித் தேய்ந்துவிடும் என்றார்கள். முடிந்த அளவு அரைத்துத் தந்தார்கள். குதிக்காலருகே ஒரு குழி மிஞ்சியது. புதிதாகத் தீட்டிய விளிம்பு காலுக்குப் பழக்கப்படச் சில நாட்கள் வேண்டும். அவளுக்கோ மறுநாளே ஸ்கேட்டிங் தேர்வு. தேர்வைத் தள்ளிப்போடக் கேட்டிருக்கலாமோ? அதுவும் பிறகுதான் தோன்றியது.

தேர்வு அன்று அவர் முதல் தடவையாக அரங்குக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் பின்பக்கமாகத் திரும்பும் இடத்தில் விழுந்தாள். எழுந்து, அதே இடத்தில் மறுபடியும் விழுந்தாள். தேர்வு போய்விட்டது.

காரில் அவர்தான் முதலில் வாய் திறந்தார். "பரவாயில்லை, செல்லம். விழாமல் ஆர் பழகினது?"

"இனி என்ர சாமானைத் தொடாதேங்கோ அப்பா."

"நான் வேணுமெண்டோ செய்தனான்?"

"எனக்குத் தெரியாது."

அந்தத் 'தெரியாது' இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. விஷயம் கேள்விப்பட்டு மச்சாள் போன் எடுத்தார். "அம்பாளுக்கே விருப்பமில்லைப் போல. வயலினுக்கு விடுங்கோவன்." சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்கிறது?

கால் வளர்ந்து இப்போது வேறு ஸ்கேட்டுகள் வாங்கியாகிவிட்டது. அவற்றை அவளே துடைக்கிறாள், என்னையும் தொடவிடுவதில்லை. அப்பாவோடு சாப்பாடு, பள்ளிக்கூடம் பற்றிப் பேசுவாள். ஸ்கேட்டிங் என்றால் எழுந்து போய்விடுவாள். அவர் இப்போது அந்த 'விழுறதுக்குக் காசு' பகிடியையும் விட்டுவிட்டார். "இஞ்சேரும், பிள்ளை எப்பிடி ஓடுறாள்?" என்று என்னிடம்தான் கேட்கிறார்; அவள் பக்கத்து அறையில் இருக்கும்போது.

அடுத்த மாதம் மறுபடியும் தேர்வு. வந்து பார்க்கவென்று அவர் இப்போதே லீவு எடுத்துவிட்டார். மகளோ, "அப்பா வந்தால் நான் ஐஸில இறங்கமாட்டன்" என்கிறாள். அதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வீட்டிலேயே நின்றுவிடுவார். பிறகு ஒருநாளும் வரமாட்டார். சொல்லாமல் கூட்டிப்போனால் மகளுக்கு நானும் துரோகிதான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். நான் யாரிடம் முதலில் பேச வேண்டும், என்னவென்று பேச வேண்டும்? தயவுசெய்து எழுதுங்கள்.