கம்பம் ஊன்றாத புஞ்சை

வாடிப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் வீடு இருந்தது. அதை வீடு என்று நான்தான் சொல்வேன். என் மாமனார் கொட்டம் என்பார். கல்லும் செம்மண்ணும் குழைத்து நாங்களே எழுப்பிய நான்கு சுவர், மேலே பனையோலை. ஊர் ஒரு மைல் தள்ளி இருந்தது. நடுவில் ஓர் ஓடை. ஊருக்குள் கரண்ட் வந்து வெகு காலமாகியிருந்தது. எங்கள் பக்கம் ஒரு கம்பம்கூடக் கிடையாது.

அங்கே நாங்கள் ஆசைப்பட்டுக் குடிபோகவில்லை. நான் வில்லாபுரத்துப் பெண், ஆலைத் தொழிலாளியின் மகள். கோரிப்பாளையத்தில் நான் டைப்ரைட்டிங் படித்த மாடிக்குக் கீழே பம்புசெட் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. என் கணவர் அப்போது அங்கே வேலை பார்த்தார். சாதி வேறு. அவருடைய சாதிக்காரர்கள் எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ஊருக்குப் போனோம். மாமனார் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"தாத்தா சொத்துல ஒனக்குப் பங்கு இல்லேன்னு சொல்ல மாட்டேன். மலையடிப் புஞ்சை சும்மாதான கெடக்கு, அங்க போய் இருந்துக்க. ஊருக்குள்ள கால் வைக்கப்படாது," என்று மகனிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். என் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை.

வில்லாபுரத்திலும் கதவைச் சாத்திவிட்டார்கள். அதனால் புஞ்சைக்குப் போனோம்.

என் கணவரின் தங்கை மட்டும் ஆடு மேய்க்கிற சாக்கில் எங்களைப் பார்க்க வருவாள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா டீக்கடை வாசல்ல உக்காந்து, ரெண்டு மழை தாங்க மாட்டா, அவளே மூட்டையக் கட்டிருவான்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

அதைச் சொன்னதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்வேன். அதுவரை அழுதுகொண்டிருந்தேன். பிறகு அழ நேரமில்லை.

கோடையில்தான் மழைக்கான வேலை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, முதல் வருடத்து மழை சொல்லித் தந்தது. அந்த ஐப்பசியில் விறகு நனைந்து, தீப்பெட்டி நமுத்து, ஓடையில் தண்ணீர் வந்து வழி அடைபட்டு, ஊறவைத்த பச்சைப்பயறைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓலை ஒழுகாத ஒரே மூலையில் மாட்டுக்கன்று நின்றது. அதை விரட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் வருடம் சித்திரை பிறந்ததுமே அரிவாளை எடுத்துவிட்டேன். சீமைக்கருவையை வெட்டி, முள் கழித்து, வெயிலில் காயப்போட்டு, வீட்டுக்குள்ளேயே பரண் கட்டி அடுக்கினேன். தீப்பெட்டிகளை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். உப்பு, மண்ணெண்ணெய், மிளகாய், புளி எல்லாம் ஆவணிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். பழைய ஓலையைப் பிரித்துப் புது ஓலை வேய அவர் மேலே ஏறினால் நான் கீழிருந்து எடுத்துக் கொடுப்பேன். அவருக்குக் கை வலித்தால் நான் ஏறுவேன்.

ஆடியில் காற்று. மலையிடுக்கு வழியாக வரும் அந்தக் காற்றுக்கு அடுப்பு நிற்காது, அரிக்கேன் விளக்கும் நிற்காது. அடுப்பை இடித்துவிட்டுக் கிழக்குச் சுவரை ஒட்டிப் புதிதாகப் போட்டேன். மார்கழியில் பனியோடு மொச்சை பறிப்போம். கை விறைத்துப் போகும். தை, மாசியில் சோளமும் துவரையும் வீட்டுக்கு வரும். எந்த மாதமாக இருந்தாலும் சாயங்காலம் ஒரு வேலை மாறாது. அரிக்கேன் கண்ணாடியை அடுப்புச் சாம்பல் தொட்டுக் கந்தைத் துணியால் துடைப்பேன். ஊரிலிருந்து பார்த்தால் எங்கள் விளக்கு தெரியும் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அதனால் கொஞ்சம் அழுத்தியே துடைப்பேன்.

மூன்றாம் வருடம் எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு லைன் இழுக்கப் போவதாகச் சொல்லி ஆட்கள் வந்து அளந்தார்கள். எங்கள் புஞ்சைக்கு வரவேண்டுமானால் மாமனாரின் வரப்பில் கம்பம் ஊன்ற வேண்டும். அவர் சம்மதிக்க வேண்டும். என் மகள் அப்போது கைக்குழந்தை. அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே இருப்பாள். ஒரு விளக்கு வந்தால் போதும், கிணற்றில் ஒரு மோட்டார் வைத்தால் போதும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் மாமனாரே வரப்பு வரை வந்தார். எல்லையைத் தாண்டவில்லை. மகனைக் கூப்பிட்டார்.

"கம்பம் ஊண்டுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. வார வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கு. அவ வரவேணாம். நீ மட்டும் வந்து, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி விழுந்து எந்திரி. மறுநாளே கம்பம் வரும்."

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குக் கேட்கும்படியே என் கணவரிடம் சொன்னேன்.

"என்ன தப்புன்னு கேட்டுச் சொல்லுங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

என் கணவர் அன்று முழுக்கப் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. மழைக்கோ பாம்புக்கோ நான் அவ்வளவு பயந்ததில்லை, அந்த மௌனத்துக்குப் பயந்தேன். பெற்ற தகப்பன், பிறந்த ஊர். அவர் போய் விழுந்தால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் விழுந்து எழுந்து வருகிறவரோடு நான் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். பையைக் கீழே வைத்தார். உள்ளே அரிக்கேனுக்குப் புதுத் திரியும், வைக்கோல் சுற்றிய இரண்டு கண்ணாடிகளும் இருந்தன.

"வாடிப்பட்டிக்குப் போயிருந்தேன். பழைய கண்ணாடியில கீறல் விழுந்துருச்சுல்ல," என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

மோட்டார் இல்லையென்று ஆன பிறகு கமலைதான் கதி. மாடுகள் சரிவில் இறங்கினால் கயிறு இழுபட்டுத் தகரச் சால் தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகளைப் பின்னுக்கு நடத்தினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். அது ஆண்கள் வேலை என்று வைத்திருந்தார்கள். ஒரு பங்குனியில் அவர் காய்ச்சலில் படுத்துவிட, கத்தரிச் செடி வாடத் தொடங்கியது. நான் மாட்டைப் பூட்டினேன். முதல் நாள் கயிற்றின் மேல் உட்காரத் தெரியாமல் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாடுகளுக்கு என் குரல் பழகிவிட்டது.

அந்த வழியாகப் போன ஊர்க்காரர் ஒருவர் நின்று பார்த்தார். "பொம்பள கமலை ஓட்டுனா கெணறு வத்திப் போகும்மா," என்றார்.

"வத்துனா சொல்லி அனுப்புறேண்ணே," என்றேன்.

கிணறு வற்றவில்லை. அதற்கு நான் காரணமில்லை, பாறையில் ஊற்று அப்படி. ஆனால் பிறகொரு கோடை வந்தது. முந்தின வருடம் மழை பெய்யவில்லை. ஊர்க் கிணறுகளில் மோட்டார்கள் காற்றை இழுத்துக்கொண்டு சத்தம் போட்டன. குடிதண்ணீருக்குப் பெண்கள் வெகுதூரம் அலைந்தார்கள். எங்கள் ஊற்றும் மெலிந்துதான் போயிருந்தது, ஆனால் நிற்கவில்லை. விடியும்போது கமலை ஓட்டினால் கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் வரும். பிறகு மறுநாள்தான்.

முதலில் நாத்தனார் குடத்தோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிறகு வரிசையாக வந்தார்கள். கத்தரிச் செடிக்குப் பாய்ச்சுவதை நிறுத்தினோம். அது கண்ணெதிரே கருகியது. நான் பெரிய மனசுக்காரி என்பதால் கொடுக்கவில்லை. உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் கொடுத்தேன். தண்ணீர் கிடையாது என்று சொன்னால் எனக்கும் மாமனாருக்கும் என்ன வித்தியாசம் என்ற ஒரு நினைப்புத்தான் காரணம்.

ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன். கிணற்றடித் தொட்டியில் அவர்களாக மொண்டுகொள்ள முடியாது. நான்தான் என் கையால் ஊற்றுவேன்.

என் கணவர் தயங்கினார். "தண்ணிக்கு வந்தவுக கிட்ட எதுக்கு இது?"

"எறைக்கிற கைதான ஊத்துது. இதுல என்ன இருக்கு?" என்றேன்.

சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களும் வந்தார்கள். குடத்தை நீட்டும்போது குனிந்துகொள்வார்கள். நான் நிமிர்ந்து நின்றுதான் ஊற்றினேன்.

மாமனார் வரவில்லை. மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றி, பண்ணையாளை அனுப்பினார். அந்த ஆள் வயதானவர், நல்ல மனிதர். குடம் குடமாக நானே மொண்டு பீப்பாயில் ஊற்றிக் கொடுத்தேன்.

"அண்ணே, அங்க போய் எறக்கும்போது யாரு கையால ஊத்துன தண்ணின்னு சொல்லிட்டு எறக்குங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சொல்றேன் தாயி," என்றார்.

மறுநாளும் வண்டி வந்தது. "சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அவரு சொம்ப எடுத்து மொண்டு குடிச்சாரு."

அந்தக் கோடை முழுக்க வண்டி வந்தது.

மழை பெய்து ஊர்க் கிணறுகள் ஊறியபின் யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருடம் லைன்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை மாமனார் எந்த நிபந்தனையும் போடவில்லை. "ஊண்டிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னாராம்.

"என்ன செய்வோம்?" என்று என் கணவர் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இத்தனை வருடம் அரிக்கேனில் வாழ்ந்து காட்டியவள், இன்னும் வாழ்ந்து காட்டுவேன். ஆனால் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். புகைக்குள் குனிந்து அவள் எழுதுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீம்புக்கு அவள் கண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. யாரிடமும் விழுந்து எழாமல் வருகிற வெளிச்சம். வரட்டும் என்றேன்.

ஒற்றை விளக்குத்தான் போட்டோம். அதுவும் பாதி நாள் எரியாது. மோட்டார் வர இன்னும் சில வருடம் ஆனது. அதுவரை விறகும் கமலையும் அப்படியேதான் இருந்தன.

விளக்கு எரிந்த மறுநாள் காலையில் மாமனார் வரப்பில் வந்து நின்றார். மகனைக் கூப்பிடவில்லை. முதன்முறையாக என்னைப் பார்த்தே கேட்டார்.

"வெளிச்சம் வந்துருச்சா?"

"வந்துருச்சு மாமா. உள்ள வாங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

எங்கள் வாசலைப் பார்த்தார். காலை எடுத்து வைப்பார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னொரு நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி ஒரு நாள் வரவே இல்லை. அவர் இருந்தவரை எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, நாங்களும் அவர் வாசலுக்குப் போகவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. கூப்பிட வேண்டியவள் கூப்பிட்டுவிட்டேன்.

அவர் போனதும் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மொச்சை பறிக்கப் போனேன். அந்த வருடம் கொடி கொள்ளாத காய்ப்பு.