ஆறு பாட்டில் ஈக்கள்

கனிந்து கறுத்த வாழைப்பழமும் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்ந்து ஷீட்டுக் கூரையின் கீழே புளிக்கிற வாசனை எங்கே எதிர்ப்பட்டாலும் நான் இன்றும் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், கொடியில் காயும் துணியை எடுப்பதற்குள் கரித்தூள் படிந்துவிடும் ஒரு தெருவில், நான் ஏழாவது முடித்த கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் அந்த வாசனைதான் இருந்தது. காரணம், என் அக்கா ஈ வளர்த்தாள்.

சொன்னால் சிரிப்பீர்கள். தெருவும் சிரித்தது. அக்கா சென்னையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மராமத்து என்று கல்லூரி ஆய்வகத்தைப் பூட்டிவிட, தன் பழ ஈக்களை ஆறு கண்ணாடி பாட்டில்களில் போட்டு, வாயில் பஞ்சடைத்து, மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். எள்ளளவுதான் இருக்கும், சிவப்புக் கண், சிறகு மட்டும் குட்டையாய்ச் சுருங்கியிருக்கும், பறக்காது. நான் அவற்றுக்கு "மொட்டை ஈ" என்று பேர் வைத்தேன். மூன்று தலைமுறை வளர்த்து, எண்ணிக் குறித்து, ஜூன் தொடக்கத்தில் கொடுத்தால்தான் ஆய்வேடு முழுமையாகும்; மேலே ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகலாம். முடியாமல் போனால் என்ன என்பதை அப்பா முன்பே சொல்லிவிட்டார். இரும்பு ஆலையில் கம்பி இழுத்து இழுத்து முதுகு போன மனிதர்.

"ஜூன் வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள முடிச்சா மேல படி. இல்லாங்காட்டி கம்பெனி வேன்ல ஏறிக்கினு வேலைக்குப் போ. இதுக்கு மேல என்னால முடியாது பாப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா சண்டையாவது போட்டிருப்பாள்.

வீட்டில் பழத்தை வைத்தால் தானே வந்து மொய்க்கிறதே, இதை வளர்ப்பது என்ன பெரிய வித்தை என்றுதான் நானும் நினைத்தேன். ரவையும் வெல்லமும் பழமும் போட்டுக் கிண்டிய கூழ் கொஞ்சம் தளர்ந்துபோனால் ஈக்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டு செத்தன. சூடு ஆறுவதற்குள் பஞ்சடைத்தால் பாட்டில் உள்ளே வியர்த்து, மூன்றாம் நாள் பச்சையாய்ப் பூஞ்சணம் பூத்தது. பூஞ்சணத்துக்கு இரண்டு சொட்டு வினிகர் விட்டாள், ஈக்கள் ஏறி நிற்கத் தாளை மடித்துச் செருகினாள். பஞ்சை எடுக்கிற நொடியில் குப்பைமேட்டு ஈ ஒன்று உள்ளே புகுந்து இவற்றோடு சேர்ந்துவிட்டால் பிறப்பதெல்லாம் முழுச் சிறகோடு பிறக்கும், அந்தப் பாட்டிலையே கொட்டிவிட வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேல் வெயில். "சூடு ஏறிச்சின்னா ஆண் ஈ மலடாப் பூடும்டி" என்று சொல்லிச் சொல்லி, மேசைமேல் தாம்பாளத்தில் மணல் பரப்பி, பாட்டில்களை அதில் நிறுத்தித் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைச் சுற்றி, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனையும் ஈக்கள் பக்கம் திருப்பிவிட்டாள். "பெத்ததுங்க வேர்த்துக் கெடக்குது, ஈக்குக் காத்து வோணுமா?" என்று அம்மா முணுமுணுப்பாள், ஆனால் ஃபேனைத் திருப்பமாட்டாள். பக்கத்து வீட்டு ஆயா மட்டும் விடுவதாயில்லை: "இன்னாமே, எம்.எஸ்ஸி. படிச்சிட்டு ஊட்ல ஈ ஓட்டிக்கினு கீறியா?"

இரண்டு தலைமுறை தேறிவிட்டது. மூன்றாவதில் பூஞ்சணம் மறுபடியும் மிஞ்சிப்போகவே, பழைய கூழைக் கொட்டிவிட்டு, உயிரோடிருந்த ஈக்கள் அத்தனையையும் புதுக் கூழுக்கு மாற்றிவிட்டாள். அவை இன்னும் முட்டையிடவில்லை. மறுநாள் காலை ஈஸ்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும்போது, "எறும்பு வராம பாத்துக்கோ, தோ வந்துர்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எறும்பு வந்தது. சிவப்பெறும்புச் சாரி மேசைக்காலில் ஏறி, காய்ந்துபோன மணலைக் கடந்து, பஞ்சை மொய்த்துவிட்டது. எங்கள் வீட்டில் எறும்புக்கு ஒரே வைத்தியம்தான். அரிசி டப்பாவைச் சுற்றி அம்மா எறும்புச் சாக்பீஸால் வரைவாள். வெறும் கோடு போட மனம் வராமல் அதையும் கோலமாகவே இழுத்துவிடுவாள். நானும் அப்படியே செய்தேன். தாம்பாளத்தைச் சுற்றி ஆறு வளையம், வளையத்துக்கு வளையம் ஒரு தாமரை. அதோடு விட்டிருக்கலாம். பஞ்சை எடுத்து எறும்பை உதறி, பாட்டில் வாயின் உள்விளிம்பிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து, வெள்ளைக் கையோடு பஞ்சைத் திரும்பத் திணித்தேன். எறும்புக்கு விஷமென்றால் ஈக்கும் விஷம்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவை பூச்சியென்றே நான் நினைக்கவில்லை, அக்காவினுடையவை என்றுதான் நினைத்திருந்தேன்.

சற்று நேரத்தில் ஈக்கள் மல்லாந்து விழுந்து காலை உதற ஆரம்பித்தபோது புரிந்துவிட்டது. பயத்தில் ஈரத்துணியால் கோலத்தைத் துடைத்தேன். அக்கா வந்து பார்த்தாள். ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தட்டி, ஏதாவது ஒன்று எழுந்து நடக்காதா என்று பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஆறும் அடங்கிவிட்டன. புதிதாய் வாங்கி வளர்க்க ஆய்வகம் திறக்கவுமில்லை, நாளும் இல்லை. ஆலையிலிருந்து வந்த அப்பா, "இன்னாச்சி?" என்றார்.

"வெயிலுப்பா" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. ஜூன் பிறந்ததும் அவள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினாள். இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் இப்போது நான் கல்லூரிக்குப் போகிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் ஒரு நாள், வேனுக்குக் கிளம்ப அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் பின்னலை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. பஞ்செல்லாம் வெள்ளையா இருந்துச்சே. அப்பா உன்ன அடிப்பாருன்னுதான் வெயில்னேன்."

ரப்பர் பேண்டை முறுக்கிப் போட்டுக்கொண்டு, "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். அப்பறம் வுட்டுட்டேன்" என்றாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது, போய்விட்டாள்.

வீட்டுக்கு ஷீட்டுக் கூரை போய்த் தளம் வந்துவிட்டது. அந்தப் பாட்டில்கள் எந்தப் பழைய பேப்பர்காரரிடம் போயினவோ தெரியவில்லை. ஆய்வேட்டின் பாதி எழுதிய நோட்டும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழத்தட்டில் ஈ மொய்த்தால் அக்கா குனிந்து அதன் கண் என்ன நிறம் என்று பார்ப்பாள். இப்போது எல்லோரையும் போலக் கையை வீசி விரட்டிவிட்டுப் பழத்தை உரிக்கிறாள்.