முப்பத்தொன்றாம் விசை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தென்கோடியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஓவீட் கிட்ரிக்கு, தன் மண்டைக்குள் சரக்கு அதிகம் என்று ஒரு நினைப்பு. மாநில அரசியல் சட்டத்துக்குத் தேர்தல்தோறும் வண்டி வண்டியாகத் திருத்தங்கள் வரும். எங்கோ ஓர் ஊர்ச் சாக்கடைக்கும் மாநிலமே வாக்களிக்க வேண்டும். அவர் ஒன்றையும் படித்ததில்லை. "புரியலையா? 'வேண்டாம்'னு தட்டிட்டுப் போய்யா" என்று, கத்தி தீட்டிக்கொண்டே இருபது வருடம் ஊருக்கு உபதேசம் செய்தார்.

அறுபதுகளின் ஒரு நவம்பரில் நாற்பத்துச் சொச்சம் திருத்தங்கள் வந்தன. முப்பத்தொன்றாவது அவர் தெருவுடையது: வெள்ளம் இறைக்கும் பம்புக்குக் கடன் வாங்க அனுமதி. ஒவ்வொரு பெருமழைக்கும் கடைக்குள் முழங்கால் தண்ணீர். துடைப்பது மனைவி யூலாலி, அவளுக்கோ மூட்டுவலி. உபதேசியார் வாக்கு நாளுக்கு முந்தைய மூன்று மாதமும் உபதேசத்தைத் திருப்பிப் போட்டார்.

"முப்பத்தொண்ணுக்கு மட்டும் 'சரி'ன்னு போடுங்கப்பா!"

"அது உமக்குப் புரியுதாக்கும்?" என்றார் இறால் பிடிக்கிற டெல்மாஸ், முகமெல்லாம் சோப்பு நுரையோடு.

"தண்ணி புரியுது ஓய்."

வாக்கு நாளில், ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு விசைகள் வைத்த வாக்கு இயந்திரத்தின் திரைக்குள் கம்பீரமாக நுழைந்தார். பழகிய கை. 'வேண்டாம்' விசைகளை முதலிலிருந்து கடைசிவரை விறுவிறுவென்று தட்டி, பெரிய கைப்பிடியை இழுத்தார். வாக்கு பதிவாகித் திரை விலகிய பிறகுதான் முப்பத்தொன்று ஞாபகம் வந்தது.

"ஓடீல், ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துடறேம்மா!" என்று வாக்குச்சாவடிப் பெண்ணிடம் கெஞ்சினார்.

"திரை திறந்தா தீந்துதுண்ணே. நகருங்க, வரிசை நிக்குது."

திருத்தம் தோற்றது. வெள்ளமே அறியாத வடக்கு மாவட்டக்காரர்கள்தான் கவிழ்த்துவிட்டார்கள் என்று கடையில் எல்லோரும் திட்டினார்கள். எல்லோரையும்விட உரக்கத் திட்டியவர் ஓவீட்.

ஜனவரி மழையில் கடைக்குள் மறுபடி தண்ணீர். யூலாலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். "ஊரு கைவிட்டா என்ன, நீங்க போட்டீங்கல்ல" என்றாள்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "போடலைடி. கை தன்னால எல்லாத்துக்கும் 'வேண்டாம்'னு தட்டிடுச்சு."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். வசவை எதிர்பார்த்துத் தலைகுனிந்தார் ஓவீட்.

"நானுந்தான்" என்றாள். "உங்க பேச்சக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதே கைதான். சொன்னா மனசு ஒடிஞ்சுடுவீங்கன்னு வாயத் திறக்கல."

ஓவீட்டுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவள் கையிலிருந்த துடைப்பானை வாங்கினார். இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை.